கோட்டைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள்

செய்தித்தாளைப் பிரித்தால் ஒரு வரைபடம். தொலைக்காட்சியைத் திருப்பினால் ஒரு வரைபடம். கைப்பேசியைத் தொட்டால் அதிலும் ஒரு வரைபடம். தங்கத்தின் விலை, மழையின் அளவு, அணையின் நீர்மட்டம், நம் இரத்தத்தில் உள்ள சர்க்கரை எல்லாமே இப்போது கோடுகளாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. கோடு ஏறினால் ஒரு பேச்சு, இறங்கினால் ஒரு பேச்சு. ஆனால் அந்தக் கோட்டுக்கு அடியில், எறும்பு ஊர்வதுபோல் சின்ன எழுத்தில் நிற்கும் தேதிகளை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

இக்கட்டுரை அந்தச் சின்ன எழுத்துகளைப் பற்றியது. கணிப்பொறியில் நிரல் எழுதும் பிள்ளை ஒன்றாவது இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று பெங்களூரில் அரிது. அந்தப் பிள்ளைகளுக்கு இது வேலைக்கு உதவும். பெற்றோருக்கு, கண்ணில் படும் வரைபடத்தை நம்பலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள உதவும்.

ரயில் ஓடும் தாள்

அடியேன் டிப்ளமோ படித்து ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் இலாகாவில் தேதியும் நேரமும் அலங்காரம் அல்ல, உயிர். கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெரிய தாள் இருக்கும். படுக்கை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் வரிசையாக நிலையங்கள். ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு சாய்ந்த கோடு. கோடு செங்குத்தாக நிமிர்ந்தால் வண்டி வேகமாகப் போகிறது. படுத்துவிட்டால் வண்டி நிற்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளின் கோடுகள் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். ஒற்றைப் பாதையில் அந்த வெட்டுப்புள்ளி ஒரு நிலையத்தின் மேல்தான் விழவேண்டும். நடுவழியில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இது புதிய கலை அல்ல. 1885-இல் பிரான்சு நாட்டின் மரே என்பவர் தம் நூலில், பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே ஓடிய ரயில்களை இதே முறையில் வரைந்து காட்டினார். அம்முறையை வகுத்தவர் இப்ரி என்ற பொறியாளர் என்றும் குறித்தார். இன்று இந்திய ரயில்வேயில் இந்தத் தாள் கணிப்பொறித் திரைக்கு ஏறிவிட்டது. ஆனால் சட்டம் மாறவில்லை: நேரத்தின் கோடுகள் சம இடைவெளியில் நிற்கவேண்டும். ஒரு மணி நேரத்திற்கு ஓர் அங்குலம் என்றால் இரவிலும் அங்குலம், பகலிலும் அங்குலம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அல்சூரின் ஐந்து தேதிகள்

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் வரை ரயில் பாதை வந்தது. நம் முன்னோர் பலர் பிழைப்புத் தேடி ஏறி வந்த பாதை அது. 1950-இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் பிறந்தது. 1991-இல் அல்சூர் ஏரிக்கரை அருகே திருவள்ளுவர் சிலை நிறுவப்பட்டு, திறக்க முடியாமல் மூடி வைக்கப்பட்டது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. 2011 அக்டோபர் 20-இல் மெட்ரோ ரயில் அல்சூருக்கு வந்தது.

இந்த ஐந்தையும் எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளில் தட்டி, 'கோட்டு வரைபடம் போடு' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து புள்ளிகளும் சம இடைவெளியில் வந்து நிற்கும். ஏனென்றால் அந்த ஐந்தையும் அது ஐந்து பெயர்களாக எடுத்துக்கொண்டது. ராமு, சோமு என்பது போல 1991, 2009. பெயர்களுக்கு நடுவே தூரம் ஏது?

இப்போது ஒரு வெள்ளைத்தாளில், ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்து நீங்களே குறியுங்கள். முதல் இடைவெளி 86 மில்லிமீட்டர். அடுத்தது 41. அதற்கடுத்தது 18. கடைசி 2. வள்ளுவர் துணிக்குள் காத்திருந்த பதினெட்டு ஆண்டுகளும், சிலை திறந்ததற்கும் மெட்ரோ வந்ததற்கும் நடுவே போன இரண்டு ஆண்டுகளும் முதல் படத்தில் ஒரே அளவு. இரண்டாம் படத்தில் அந்தக் காத்திருப்பின் நீளம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு தலைமுறைத் தமிழர்கள் அந்த இடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலை குனிந்து நடந்த காலம் அது. படம் அதை மறைக்கலாமா?

தீர்வு எளிது. எக்செலில் அச்சின் மேல் வைத்து அமைப்பைத் திறந்தால் 'எழுத்து அச்சு', 'தேதி அச்சு' என்று இரண்டு வகை இருக்கும். தேதி அச்சைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுகளை முழுத் தேதியாகத் தந்தால் புள்ளிகள் தத்தம் இடத்துக்கு நகரும். ஒரே ஒரு சங்கடம்: எக்செலின் நாட்காட்டி 1900-இல்தான் தொடங்குகிறது. நம் 1864 ரயில் அதற்குத் தேதியே அல்ல, வெறும் எழுத்து! பைத்தான் போன்ற நிரல்மொழியில் இந்தத் தடை இல்லை.

கணிப்பொறிக்குத் தேதி என்பது எண்

ஏன் இப்படி? கணிப்பொறிக்குள் தேதி என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒரு தொடக்க நாளை வைத்துக்கொண்டு அதிலிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். எக்செலுக்கு 2025 ஜூன் 12 என்பது 45820. 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணும் நிரல்களுக்கு அதே நாள் 20251. அந்த எண்ணை நமக்குப் புரியும் தேதியாக எழுதிக் காட்டுவது தனி வேலை.

இதில் ஒரு வேடிக்கை. 1900-ஆம் ஆண்டு லீப் ஆண்டு அல்ல. ஆனால் எக்செலின் நாட்காட்டியில் 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாள் ஒன்று உண்டு. முன்பு பெயர்பெற்றிருந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருளில் இருந்த பிழையை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போகவேண்டும் என்பதற்காகத் தெரிந்தே அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டு வேலையாட்கள்

நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு வருவோம். பைத்தான் மொழியில் படம் வரைய மேட்பிளாட்லிப் என்ற நிரல் தொகுப்பு உண்டு. ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் உருவாக்கி 2003-இல் இலவசமாக உலகுக்கு அளித்தது. அவர் 2012-இல் மறைந்தார். அவருடைய கொடையை இன்றும் உலகெங்கும் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

அதில் அச்சைக் கவனிக்க இரண்டு வேலையாட்கள். ஒருவர் பெயர் லொக்கேட்டர். எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்பது இவர் பொறுப்பு. இன்னொருவர் ஃபார்மேட்டர்; கிழித்த இடத்தில் என்ன எழுதுவது என்பது இவர் பொறுப்பு. ரயில் பாதையில் மைல்கல்லை நடுபவர் ஒருவர், கல்லில் எண் எழுதும் பெயிண்டர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரையும் குழப்பிக்கொள்ளாவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆட்டோ டேட் லொக்கேட்டர் என்பவர் தம் விருப்பப்படி இடம் தேர்ந்தெடுப்பார். நல்லவர்தான், ஆனால் நம் ஊர் வழக்கம் அறியாதவர். மாதத்துக்கு ஒரு கோடு வேண்டுமென்றால் மந்த் லொக்கேட்டரை அழைக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் இடைவெளி 3 என்று சொல்லவேண்டும். நாளுக்கு டே லொக்கேட்டர், ஆண்டுக்கு இயர் லொக்கேட்டர். எழுதுபவருக்கும் கட்டளை உண்டு: சதவீதக் குறியும் சிறிய 'டி'யும் சேர்ந்தால் நாள், சதவீதக் குறியும் சிறிய 'எம்'மும் சேர்ந்தால் மாத எண், பெரிய 'ஒய்' என்றால் நான்கு இலக்க ஆண்டு. தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால், ஆட்டோ எஃப்எம்டி எக்ஸ்டேட் என்ற ஒரு கட்டளை அவற்றை முப்பது பாகை சாய்த்து நிறுத்திவிடும். ஆனால் சாய்ப்பதைவிடக் குறைப்பது மேல். நூறு தேதி எழுதி ஒன்றையும் படிக்க முடியாமல் போவதற்குப் பத்து எழுதிப் பத்தையும் படிக்கலாம்.

தமிழ் மாதங்களை எழுதவேண்டுமா? மந்த் லொக்கேட்டர் கைகொடுக்க மாட்டார். சித்திரை பிறப்பது ஏப்ரல் 14 வாக்கில். நம் மாதங்களோ 29 நாளிலிருந்து 32 நாள் வரை நீள்பவை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் ஒருநாள் வேறுபடுவதும் உண்டு. ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்து மாதப் பிறப்புகளைப் பட்டியலாக எழுதி, ஃபிக்ஸ்டு லொக்கேட்டர் என்பவரிடம் கொடுத்து, 'இந்த இடங்களில் மட்டும் கல் நடு' என்று சொல்லவேண்டும். பெயர்களையும் நாமே கொடுக்கவேண்டும். தமிழ் எழுத்துரு ஒன்றையும் குறிப்பிடவேண்டும், இல்லையேல் மாதப்பெயருக்குப் பதில் வெறும் கட்டங்கள்தான் வரும்.

மேட்டூரின் கதவு

இதெல்லாம் பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காக ஒரு பெரிய எடுத்துக்காட்டு. 1934 முதல் இயங்கும் மேட்டூர் அணையிலிருந்து டெல்டாப் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அன்று திறந்தால் குறுவை. தள்ளிப்போனால் குறுவை போய், சம்பாவை நம்பி இருக்கவேண்டும். கடந்த பத்தாண்டுகளில் திறந்த நாட்கள் இவை:

2016 – செப்டம்பர் 20
2017 – அக்டோபர் 2
2018 – ஜூலை 19
2019 – ஆகஸ்டு 13
2020 – ஜூன் 12
2021 – ஜூன் 12
2022 – மே 24
2023 – ஜூன் 12
2024 – ஜூலை 28
2025 – ஜூன் 12

இதைப் படமாக வரைய முயலுங்கள். படுக்கை அச்சில் ஆண்டு, செங்குத்து அச்சில் திறந்த நாள். முதல் யோசனை, ஆண்டின் எத்தனையாவது நாள் என்று எண்ணிப் போடுவது. ஜூன் 12 என்பது 163-ஆவது நாள். ஆனால் 2016, 2020, 2024 ஆகிய மூன்றும் லீப் ஆண்டுகள். அவற்றில் அதே ஜூன் 12 என்பது 164. ஒரே நாளில் திறந்த 2020-உம் 2021-உம் படத்தில் ஒருநாள் வேறுபட்டு நிற்கும். அதோடு, அச்சில் 163, 200, 275 என்று எழுதியிருந்தால் தஞ்சாவூர் விவசாயிக்கும் புரியாது, நமக்கும் புரியாது.

சரியான வழி, ஜூன் 12-ஐயே பூஜ்யமாக வைத்து எத்தனை நாள் முன், எத்தனை நாள் பின் என்று எண்ணுவது. 2017-இல் 112 நாள் தாமதம். 2016-இல் 100 நாள். 2019-இல் 62. 2024-இல் 46. 2018-இல் 37. 2022-இல் 19 நாள் முன்கூட்டியே. மற்ற நான்கு ஆண்டுகளும் கோட்டின் மேலேயே. கணக்கு எண்ணில் இருக்கட்டும். அச்சில் எழுதுவது மட்டும் 'ஜூன் 12', 'ஜூலை 12', 'ஆகஸ்டு 12' என்று இருக்கட்டும். ஆகஸ்டு 3 பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு 'ஆடிப்பெருக்கு' என்று எழுதினால் போதும். பெருக்குக்கு முன் தண்ணீர் வந்த ஆண்டு எது, வராத ஆண்டு எது என்று வீட்டில் பாட்டிகூடச் சொல்லிவிடுவார்.

இனி ஆபத்தைக் கேளுங்கள். இதே பட்டியலை நாம் வழக்கமாக எழுதுவதுபோல் 12-06-2020 என்று எழுதி, அமெரிக்க முறைப்படி அமைந்த கணிப்பொறியில் கொடுத்தால் என்ன ஆகும்? அவர்கள் மாதத்தை முதலில் எழுதுபவர்கள். அந்தக் கணிப்பொறி ஜூன் 12-ஐ டிசம்பர் 6 என்று படிக்கும். உரிய நாளில் தண்ணீர் திறந்த ஆண்டு, 177 நாள் தாமதமான ஆண்டாகிவிடும். 24-05-2022 போன்றதை அப்படிப் படிக்க முடியாது, 24-ஆவது மாதம் இல்லையல்லவா? அதைச் சில நிரல்கள் சரியாகப் படிக்கும், சில எழுத்தாகவே விட்டுவிடும். ஆகப் பாதி சரி, பாதி தவறு. இதைவிட மோசமான பிழை வேறில்லை. முழுவதும் தவறாக இருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். இதற்கு மருந்து, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2020-06-12 என்று எழுதுவது. உலகத் தர நிர்ணயமும் அதுதான். படிக்கும் நிரலிடம் இன்ன வரிசையில் தேதி இருக்கிறது என்று சொல்லிவிடுவதும் நல்லது.

அச்சு எங்கே தொடங்குகிறது என்பதும் சின்ன விஷயமல்ல. காவிரி நீர்க் கணக்கில் ஆண்டு என்பது ஜூன் 1 முதல் மே 31 வரை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னதும் அத்தகைய ஓர் ஆண்டுக்கான அளவே. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் படம் போட்டால், ஒரு பருவத்தின் சம்பா பயிரை நடுவில் வெட்டி இரண்டு ஆண்டுக் கணக்கில் போட்டதாகும். தரவேண்டியவர் தந்தாரா, தரவில்லையா என்ற கேள்விக்கு அந்தப் படம் சரியான பதில் சொல்லாது. காவிரித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, காவிரிப் படுகையில் உறவுகளை வைத்துக்கொண்டு, இரு மொழிக்கும் நடுவே வாழும் நமக்கு இது வெறும் கணக்கு அல்ல. 1991-இல் இந்நகரம் பட்ட பாட்டை நம் வீடுகளில் மறந்தவர் இல்லை. படம் நேர்மையாக இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

பன்னிரண்டா, பதினொன்றா?

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி. இணைய உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், நேரம் இல்லாமல் 2025-06-12 என்று மட்டும் எழுதினால், அதை கிரீன்விச் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் அப்போது விடியற்காலை ஐந்தரை, தேதி பன்னிரண்டுதான். நியூஜெர்சியில் முந்தின நாள் இரவு எட்டு மணி. ஆகவே அப்பா இங்கே பார்க்கும் படத்தில் ஜூன் 12, மகன் அங்கே பார்க்கும் அதே படத்தில் ஜூன் 11! இருவரும் தொலைபேசியில் வாதாடினால் இருவரும் தத்தம் திரையைச் சாட்சிக்கு அழைப்பார்கள். எந்த ஊர் நேரம் என்பதை நிரலில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே இதற்கு வழி.

ரயில்வேக்காரனுக்கு இது பழங்கதை. இந்திய நேரம் என்ற ஒன்று 1906 ஜனவரி 1-இல்தான் வந்தது. அதற்கு முன் இந்திய ரயில்கள் ஓடியது மதராஸ் நேரப்படி, அது இன்றைய நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பின்தங்கியது. ஊருக்கு ஊர் நேரம் மாறிய காலத்தில் ரயில் ஓட்டியவர்கள், 'எந்த நேரம்?' என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் 'என்ன நேரம்?' என்று கேட்டார்கள். நிரல் எழுதுபவரும் அப்படியே கேட்கவேண்டும்.

வீட்டுச் சுவரில்

கடைசியாக, உடம்பு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர் இப்போது அளவுகளைப் படமாகவே வாங்கி வருகிறார்கள். எனக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் தந்த படத்தில், ஒரே வாரத்தில் எடுத்த மூன்று அளவுகளும், நான்கு மாதம் கழித்து எடுத்த நான்காவது அளவும் சம தூரத்தில் நின்றன. பார்த்தால் சர்க்கரை சரசரவென்று ஏறிவிட்டதுபோல் இருந்தது. தேதிப்படி இடம் விட்டு வரைந்து பார்த்தபோது அது மெல்ல ஏறிய ஏற்றம்தான். மருத்துவரிடம் போகும்போது படத்தோடு தேதி எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஆகவே வாசக அன்பர்களே, எந்த வரைபடத்தைக் கண்டாலும் நான்கு கேள்வி கேளுங்கள். தேதிகளுக்கு நடுவே இடைவெளி உண்மையான காலத்துக்கு ஏற்ப இருக்கிறதா? அச்சு எந்த நாளில் தொடங்குகிறது, அந்த நாளில் தொடங்க நியாயம் உண்டா? நாள் முதலா, மாதம் முதலா? எந்த ஊர் நேரம்? நான்குக்கும் பதில் கிடைத்தபின் கோட்டைப் பாருங்கள். பிள்ளைகள் படம் வரைந்தால் இந்த நான்குக்கும் பதில் படத்திலேயே இருக்கும்படி வரையச் சொல்லுங்கள்.

திருக்குறளில் நாற்பத்தொன்பதாவது அதிகாரம் காலமறிதல். அதற்கு அடுத்ததே இடனறிதல். காலமும் இடமும் பக்கத்தில் பக்கத்தில். எங்கள் கட்டுப்பாட்டு அறைத் தாளின் இரண்டு அச்சுகளும் அவையே. நல்ல வரைபடம் எதற்கும் அவ்விரண்டு அச்சுகளும் நேராக நின்றால் போதும். கோடு தானாகவே உண்மை சொல்லும்.